கோகிலவாணிக்கு எத்தனை பாயிண்ட்

கள்ளக்குறிச்சியில் கடந்த பதிமூன்று வருஷங்களில் காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கடைத் திறப்பு என்று கட்டிய பேனர்களில் பாதி முகங்களாவது அம்சவள்ளியின் விரல் பட்டவை. குறிப்பாகச் சொன்னால் இடது கை நடுவிரல். கீபோர்டின் மேல் வரிசையில் எஃப் த்ரீ என்று ஒரு கட்டை உண்டு. ஒரு முகத்தைச் சுற்றி வெட்டி எடுத்ததும் அவள் விரல் தானாகப் போய் அந்தக் கட்டையைத் தட்டும். தட்டினால் முகம் வெளுக்கும். அவள் இதுவரை மாற்றிய நாலு கீபோர்டுகளிலும் முதலில் எழுத்து அழிந்த கட்டை அதுதான்.

இந்தப் பழக்கம் அழகுக்காக ஆரம்பித்தது அல்ல. ஃபிளெக்ஸ் மிஷினின் மை ஷீட்டில் இறங்கும்போது எல்லா நிறமும் ஒரு படி இருண்டுவிடும். கணினியில் மாநிறமாகச் சிரிக்கிற ஆள், அடித்து வெளியே வரும்போது அடுப்புக்கரியில் வரைந்தவர் மாதிரி இருப்பார். மூக்கு எது, கன்னம் எது என்று தெரியாது. அதனால் அடிப்பதற்கு முன்பே முகத்தின் வெளிச்சத்தைப் பத்து பாயிண்ட் ஏற்றிவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற நேரமில்லை. அம்சவள்ளி அந்த வேலையை எஃப் த்ரீ கட்டையில் பதிந்துவைத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கந்தசாமியின் ஃபிளெக்ஸ் கடையில் ஷீட்டுக்கு ஓரம் மடித்து ஒட்டுகிற வேலைக்குத்தான் அவள் முதலில் வந்தாள். கரும்பு வெட்டும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கலும் தவிர வேறு வேலை அறியாத வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருந்தாள். டிசைன் போடுகிற ஆள் டீ குடிக்கப் போகிற நேரங்களில் கணினி முன்னால் உட்கார்ந்து, தப்புத் தப்பாகச் செய்து, தப்பை எல்லாம் நோட்டில் எழுதிவைத்துக் கற்றுக்கொண்டாள். அந்த ஆள் ஒருநாள் சென்னைக்கே போய்விட்டார். அன்றிலிருந்து நாற்காலி அவளுடையது. மிஷின் ஓட்டிய சின்னதுரையை அதற்கு இரண்டு வருஷம் முன்பே கல்யாணம் செய்துகொண்டிருந்தாள்.

பத்து பாயிண்ட் பத்தாகவே இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. பேனர் எடுக்க வருகிறவர்கள் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கலரா வைங்கம்மா, பொண்ணு வூட்டுக்காரங்க பாப்பாங்க" என்பார்கள். அவள் ஏற்றுவாள். அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்ததால் எஃப் த்ரீயை ஒருமுறை பதினைந்துக்கு மாற்றிப் பதிந்தாள். பிறகு ஒருமுறை இருபத்திரண்டுக்கு. சோற்றுக்கு உப்புப் போடுகிற கை எவ்வளவு போடுகிறோம் என்று பார்ப்பதில்லை. அவளும் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஒரே ஒருமுறைதான் யாரோ அதைப் பற்றி வாய் திறந்தது. போன வருஷம் மகள் மலர்விழிக்கு மஞ்சள் நீராட்டு விழா. மண்டப வாசலில் பத்துக்கு எட்டு அடியில் பேனர். அம்மாவே போட்ட டிசைன், அப்பாவே அடித்த ஷீட். மலர்விழி அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாத்தாம்மா கீது. ஆனா அது பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கச் சொல்லாத."

"ஏன்டி?"

"ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு தெரிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவள்ளியும் சிரித்தாள். பந்தி போடுகிற அவசரத்தில் அது மறந்துபோனது.

எட்டு மாதத்துக்கு முன்பு ஆகாஷ் வந்து அவளைக் கூப்பிட்டான். தியாகதுருகம் பையன். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, ஊரிலேயே தொழில் செய்யலாம் என்று செல்போன் கடை மாடியில் 'கண்பட்டது டிஜிட்டல்' என்று ஒரு ஸ்டுடியோ திறந்திருந்தான். ஊர்க் கடைகளுக்கு போனில் வருகிற விளம்பரங்கள் பாதி வேலை. சென்னையிலிருந்து ஓடுகிற சினிமாச் செய்தி சேனல்களுக்கு யூடியூப் தம்ப்நெயில் செய்வது மீதிப் பாதி. தம்ப்நெயில் என்பது வீடியோவின் வாசலில் தொங்குகிற படம். அதைப் பார்த்துத்தான் ஆள் உள்ளே வருவான். மூன்று வார்த்தை, ஒரு சிவப்பு அம்பு, வாயைப் பிளந்த ஒரு நடிகர். இதற்கு மேல் போட்டால் போன் திரையில் தெரியாது.

"அக்கா, இந்த ஊர்ல எந்தக் கலருக்கு ஆளு நிப்பான்னு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது. வந்துடுங்க" என்றான் ஆகாஷ்.

அவள் போனாள். பென்டிரைவில் பதிமூன்று வருஷத்து எழுத்துருக்கள், பூ, மாலை, குத்துவிளக்கு, தோரணம், எஃப் த்ரீ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மை நாற்றம் இல்லை. ஆறு மணிக்கு வீடு. ஜன்னலோரம் மேசை. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் மேற்கே கல்வராயன் மலை கழுவிவிட்ட மாதிரி கிட்டத்தில் வந்து நிற்கும். ஒரே ஒரு தொந்தரவு, ஆகாஷ் வாங்கிப்போட்டிருந்த மூட்டை இருக்கைகள். கற்பனை பிறக்கிற இடத்தில் நாற்காலி இருக்கக் கூடாது என்பது அவன் சென்னையில் கற்றது. முதல் நாள் அதில் உட்கார்ந்த அம்சவள்ளியால் எழ முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"தம்பி, எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போடு. கற்பனை அதுல வந்தா வரட்டும், வராங்காட்டி வுடு" என்றாள்.

மறுநாள் சேர் வந்துவிட்டது.

ஸ்டுடியோவின் பெரிய வாடிக்கையாளர் ஜவுளிக்கடை பொன்னுரங்கம். அவர் விளம்பரம் இருந்தால் ஸ்டுடியோ உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவர் புதிதாக ஒரு கிளை திறக்கிறார். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் திறப்பு. ரிப்பன் வெட்ட வருவது கோகிலவாணி. அவள் டி.வி. தொடரில் நடித்துப் பேர் வாங்கி, இரண்டு படங்களும் செய்துவிட்ட நடிகை. சின்னசேலத்துப் பெண் என்பதால் ஊரே அவளை வீட்டுப் பிள்ளை மாதிரி பேசும். நல்ல கறுப்பு நிறம். முகத்தை வெளுப்பாக்குகிற கிரீம் விளம்பரத்துக்குக் கூப்பிட்டபோது முடியாது என்று சொல்லி, அந்தச் செய்தியாலேயே தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவள்.

கடைக்கு முன்னால் கட்ட இருபதுக்குப் பன்னிரண்டு அடி ஃபிளெக்ஸ் ஒன்று, போனில் விட விளம்பரப் படங்கள் ஆறு. அம்சவள்ளி பழக்கப்படி முதலில் ஃபிளெக்ஸ் அளவைப் போட்டாள். முகத்தை வெட்டினாள். விரல் தட்டியது. பிறகு அதே ஃபைலைச் சிறிதாக்கி போன் படங்களை வெட்டி எடுத்தாள். ஃபிளெக்ஸுக்காக ஏற்றிய பாயிண்ட்டைப் போனுக்கு இறக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மற்ற விளம்பரங்களுக்கு இறக்கித்தான் இருக்கிறாள். அன்றைக்கு மூன்று முறை எழுத்து மாற்றச் சொல்லிப் பொன்னுரங்கம் போன் செய்துகொண்டே இருந்ததில் அது விட்டுப்போனது.

படத்தைப் பார்த்த பொன்னுரங்கம், "ஆகா, மகாலச்சுமி மாதிரி இல்ல கீது!" என்றார். ஆகாஷும் பார்த்தான். யாருக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கள்ளக்குறிச்சிச் சுவர்களில் எல்லா முகமும் அப்படித்தானே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் போன்களுக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை, ஆகாஷ் கீழே டீ வாங்கப் போயிருந்தபோது, சென்னையிலிருந்து ஒரு வேலை வந்தது. அனுப்பியவர் 'திரைச்சந்தை' சேனல் நடத்துகிற கவியரசன். வாரத்துக்குப் பத்துத் தம்ப்நெயில் கேட்பவர். குரல் பதிவில் சொல்லியிருந்தார்:

"அக்கா, அர்ஜென்ட். லெஃப்ட்ல கோகிலவாணியோட பழைய போட்டோ, ரைட்ல இப்ப வந்திருக்கிற விளம்பரம். நடுவுல நம்ம சிவப்பு அம்பு. மேல, 'திடீர்னு வெள்ளையான கோகிலா!' கீழ, 'கொள்கை காத்துல போச்சா?' அரை மணி நேரத்துல வேணும்."

கூடவே இரண்டு படங்கள். வலது பக்கப் படத்தை அம்சவள்ளி திறந்தாள். ஓரத்தில் அவள் போட்ட தோரணம். அவள் போட்ட மாங்காய்ப் பார்டர். நடுவில் கோகிலவாணியின் கண், கோகிலவாணியின் மூக்கு, யாருடையதென்றே தெரியாத ஒரு நிறம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. வேற வேற ஆள்.

அவர்கள் செய்த விளம்பரத்தைக் கேலி செய்கிற படத்தை அவர்களையே செய்யச் சொல்லியிருந்தார் கவியரசன். அது அவருக்குத் தெரியாது.

விளம்பரத்தைப் பார்த்தவர்கள் கோகிலவாணியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அவளைத் திட்டி எழுதியிருந்தவற்றை அம்சவள்ளி தேடிப் படித்தாள். நூற்றுக்கணக்கில் இருந்தன. 'நீயுமா?' என்பதுதான் அதிகம். யாரோ ஒரு பெண், 'உன்னைப் பாத்துதான் நான் பவுடர் போடறத வுட்டேன்' என்று எழுதியிருந்தாள். அம்சவள்ளி அதை இரண்டு தரம் படித்தாள்.

ஆகாஷ் டீயோடு மேலே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. வழியிலேயே போன் வந்துவிட்டது. கோகிலவாணியின் மேனேஜர், வெள்ளிக்கிழமை மேடம் வர மாட்டார் என்று பொன்னுரங்கத்திடம் சொல்லிவிட்டார். பொன்னுரங்கம் ஆகாஷிடம் சொன்னது ஒரே வார்த்தை: அவள் வரவில்லை என்றால் இனிமேல் நீ என் கடைப் படி ஏறாதே.

"விளம்பரத்தத் தூக்கிட்டேங்க்கா. ஆனா எல்லாரும் எடுத்து வெச்சிக்கினானுங்க" என்றான். "மேனேஜர் அனுப்பின போட்டோவே அப்படித்தான்னு சொல்லிடலாமா?"

"அவங்க அனுப்பினது எங்கிட்டதான் கீது. பொய்யினு அஞ்சி நிமிசத்துல காட்டிடுவாங்க."

"சாஃப்ட்வேர் கோளாறு?"

"சாஃப்ட்வேருக்கு இன்னா தெரியும் பாவம். இந்த வெரலுதான் தம்பி" என்று நடுவிரலை நீட்டினாள். சட்டென்று அது எப்படித் தெரிகிறது என்று உணர்ந்து மடக்கிக்கொண்டாள். அந்த நிலைமையிலும் ஆகாஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கவியரசன் தம்பிகிட்ட நான் பேசறேன்" என்றாள் அம்சவள்ளி.

"வேணாங்க்கா. அந்தாளுக்கு நியூஸ் கெடச்சா போதும். நம்ம ஸ்டுடியோ பேரு நாறிப்பூடும்."

"ஸ்டுடியோ பேரு சொல்லல. எம்பேரு சொல்றேன். எம்பேரத் தெரிஞ்சி யாரு இன்னா பண்ணப்போறான்?"

அவள் போன் போட்டாள். கவியரசன் எடுத்ததும், "ரெடியாக்கா?" என்றார்.

"தம்பி, ரெடி பண்ணிடலாம். ஆனா மேல போடற வாசகம் தப்பு. அந்தப் பொண்ணு வெள்ளையாகல. நான்தான் ஆக்கிட்டேன்."

 கவியரசனின் குரல் வேறு மாதிரி வந்தது. நல்ல சரக்கு கைக்கு வந்த வியாபாரியின் குரல். "அக்கா, ஒரு நிமிஷம். ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? நீங்க சரின்னா மட்டும்."

"பண்ணிக்க."

அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஃபிளெக்ஸ் மிஷின் முகத்தை அடுப்புக்கரி மாதிரி இருட்டாக்குவது, அதற்காக எஃப் த்ரீயில் பத்து பாயிண்ட் பதிந்தது, பத்து பதினைந்தானது, பதினைந்து இருபத்திரண்டானது, ஃபிளெக்ஸ் படத்திலிருந்தே போன் படத்தை வெட்டியது. "அந்தம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க அனுப்பின போட்டோ நல்லாத்தான் இருந்துது. இந்த ஊர்ல யாரு போட்டோ குடுத்தாலும் நான் அப்படித்தான் செஞ்சிக்கினு இருந்தேன். எம்பொண்ணுக்கும் செஞ்சேன்."

"பேரு போடலாமாக்கா?"

"அம்சவள்ளின்னே போடு."

"அப்ப தலைப்ப மாத்தறேன். 'கோகிலா வெள்ளையானது எப்படி? செஞ்சவரே சொல்றார்!' இதுக்கு இன்னும் ஜாஸ்தி ஆளு வருவான். தம்ப்நெயில் மட்டும் சீக்கிரம் குடுங்கக்கா."

ஆக, தன் தப்பைப் பற்றிய படத்தைத் தானே உட்கார்ந்து செய்தாள். இடது பக்கம் பழைய போட்டோ. வலது பக்கம் தன் விளம்பரம். அம்பு கொஞ்சம் கோணலாக விழுந்திருந்ததை நிமிர்த்தினாள். மூன்று வார்த்தைக்கு மேல் போகிறதே என்று 'செஞ்சவரே' என்பதைப் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்கினாள். வேலை சுத்தமாக இருந்தது. ஆகாஷ் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு மூட்டை இருக்கையில் விழுந்தான்.

வீடியோ மதியத்துக்குள் வந்தது. நாலரை மணிக்கு அம்சவள்ளியின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நீங்கதான் எஃப் த்ரீ அக்காவா?"

குரலைக் கேட்டதும் அம்சவள்ளி எழுந்து நின்றுவிட்டாள். தினம் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் கேட்கிற குரல்.

"மேடம், மன்னிச்சிக்கோங்க மேடம்."

"மன்னிக்கறது இருக்கட்டும். லட்சம் லட்சமா குடுக்கறேன்னவனுக்கே முடியாதுன்னேன். நீங்க சும்மாவே வெளுத்துவுட்டீங்களே!" கோபம் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் சின்னசேலத்துப் பேச்சு எட்டிப்பார்த்தது. "உங்களால ரெண்டு நாளா எங்கம்மா போனையே எடுக்கல. தெருவுல கேக்கறாங்களாம், உம்பொண்ணு இன்னா மாவுல வுழுந்து எழுந்தாளான்னு."

"தப்புதான் மேடம். நீங்க வெள்ளிக்கிழமை வரணும். வரலன்னா என் வேல மட்டும் இல்ல, இங்க நாலு பேரு வேல போயிடும்."

"வர்றேன்னு வெச்சிக்குவோம். அங்க கடை முன்னால எவ்ளோ பெரிசா ஒண்ணு கட்டுவீங்க?"

"இருவதுக்குப் பன்னெண்டு மேடம்."

"அது கீழதான நான் நிக்கணும்? அத்தினி கேமராவும் அங்கதான இருக்கும்? அதுல நான் நானா இருக்கணும். வெள்ளையாவும் கூடாது, நீங்க சொன்னீங்களே, அடுப்புக்கரி, அப்படியும் கூடாது. நான் கார்ல வருவேன். எறங்க மாட்டேன். மொதல்ல பேனரப் பாப்பேன். சரியா இருந்தா எறங்குவேன், இல்லன்னா அப்படியே சின்னசேலம் போயி எங்கம்மா கையால சாப்ட்டுட்டு மெட்ராஸ் போயிடுவேன். சரியா?"

"சரிங்க மேடம்" என்றாள் அம்சவள்ளி.  ஒரு முகத்தை ஃபிளெக்ஸில் உள்ளபடி கொண்டுவருவது எப்படி என்று பதிமூன்று வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

புதன்கிழமை காலை பழைய கடைக்குப் போனாள். எட்டு மாதமாக வாசலோடு நின்று புருஷனைக் கூட்டிக்கொண்டு போனவள், அன்றைக்குத்தான் உள்ளே காலடி வைத்தாள். சின்னதுரை மிஷினில் மை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"வாங்க நியூஸ்காரம்மா. ஊரே உன் கொரலக் கேட்டுக்கினு கீது. இன்னா, ஆட்டோகிராப் போட வந்தியா?"

"வாய மூடுய்யா. ஒரு முழத் துண்டு ஷீட்டு வேணும். என் கைய அடிக்கணும்."

"கையவா? பிடிச்ச கைதான, அடிச்சித் தர்றேன்."

அவள் வெளியே வெயிலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் தன் இடது கையை வைத்து போனில் படமெடுத்தாள். வெள்ளைத் தாள் எதற்கென்றால், படத்தில் அந்தத் தாள் வெள்ளையாக இருந்தால்தான் கையின் நிறத்தை நம்பலாம். தாள் மஞ்சளடித்தால் கையும் பொய். பிறகு ஒரே கையை ஏழு தரம் வரிசையாக வைத்தாள். முதல் கைக்கு ஒன்றும் ஏற்றவில்லை. அடுத்ததற்கு நாலு பாயிண்ட், அடுத்ததற்கு எட்டு, இப்படி இருபத்து நாலு வரை. ஒவ்வொரு கைக்குக் கீழும் எண்ணைப் போட்டாள். பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கோகிலவாணியின் நிஜ முகம் அவளிடம் இல்லை. தன் கை இருக்கிறது. தன் கை எத்தனை பாயிண்டில் தன் கையாக வருகிறதோ அதே பாயிண்டில் அந்த முகமும் அந்த முகமாக வரும். அவள் யோசித்த வழி இவ்வளவுதான்.

சின்னதுரை அடித்துத் தந்தான். எடுத்துக்கொண்டு வெயிலுக்கு ஓடப்போனவளை நிறுத்தினான்.

"ஏய், ஈரம் கீது. காயாத மைய நம்பாத. ஒரு மணி நேரம் தொங்கவுடு. காஞ்சா கலரு இன்னும் ஒரு புடி கம்மியாவும்."

அது அவளுக்கும் தெரிந்ததுதான். அவசரத்தில் மறந்திருந்தாள். ஷீட்டைத் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, உச்சி வெயிலில் ரோட்டோரம் நின்று ஒவ்வொரு அச்சுக் கையின் பக்கத்திலும் தன் கையை வைத்துப் பார்த்தாள். பூஜ்யத்தில் இருந்தது கரி. நாலில் இருந்தது ஆறிப்போன கரி. இருபத்து நாலில் இருந்தது எந்த ஊர்க்காரியுடையதோ. பஸ் ஏற நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"எட்டுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல" என்றாள்.

"பத்து போடு, முடிஞ்சிது."

"முடியல. ஒம்போது, பத்து, பதினொண்ணு தனித்தனியா அடி."

"ஒரு பாயிண்ட்ல இன்னாடி தெரியும்?"

"இருவது அடியில தெரியும்."

முணுமுணுத்துக்கொண்டே அடித்தான். மறுபடி ஒரு மணி நேரம். இந்த முறை சின்னதுரையும் வந்து நின்றான். பத்தின் பக்கத்தில் கையை வைத்தாள், விரல் நுனியில் தனியாகத் தெரிந்தது. பதினொன்றின் பக்கத்தில் வைத்தாள். எது கை, எது ஷீட் என்று ஒரு கணம் தெரியவில்லை. சின்னதுரை குனிந்து பார்த்து, ஷீட்டில் இருந்த கையில் ஒரு கிள்ளு கிள்ளினான்.

"வலிக்கல?" என்றான்.

"போய்யா" என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

பதினொன்று. பதிமூன்று வருஷத்துக்கு முன்பு பதிந்த பத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு பாயிண்ட்தான். மிஷின் பழசாகிவிட்டது, அதற்கு அந்த ஒன்று. இருபத்திரண்டில் மற்ற பதினொன்றும் ஊர் கேட்டு வாங்கியது, அவள் கொடுத்தது.

அன்று சாயங்காலமே போன் படங்கள் ஆறையும் ஒரு பாயிண்டும் ஏற்றாமல் புதிதாகச் செய்து அனுப்பினாள். ஸ்டுடியோவுக்கு வந்திருந்த பொன்னுரங்கம் ஆகாஷின் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, மங்கலா கீதே" என்றார். "மொதலாளி, நீங்க அவங்கள நேர்ல பாத்ததில்லியே, வெள்ளிக்கிழமை பாருங்க" என்றாள் அம்சவள்ளி. வியாழக்கிழமை பெரிய ஷீட் அடித்துக் காய்ந்து, சாரம் போட்டுக் கட்டப்பட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணியிலிருந்து கூட்டம். உளுந்தூர்பேட்டை பக்கமிருந்துகூட வேன் வைத்து வந்திருந்தார்கள். மேளம் அடித்தது. பதினொன்றாகியும் கார் வரவில்லை. பொன்னுரங்கம் வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். ஆகாஷ் அம்சவள்ளியைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். அம்சவள்ளி பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுகிறது. அவள் கையை வைத்துப் பார்த்ததும் இதே மாதிரி வெயிலில்தான், இப்போதே வந்துவிட்டால் நல்லது. வந்தால்.

பதினொன்றே காலுக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. கூட்டம் சூழ்ந்தது. கதவு திறக்கவில்லை. பொன்னுரங்கம் மாலையோடு போய் நின்றார். கதவு திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் அரை அடி இறங்கியது. உள்ளே ஒரு ஜோடிக் கண்கள் மேலே, பேனரைப் பார்த்தன.  அந்தக் கண்கள் பேனரின் முகத்திலிருந்து அசையவே இல்லை. பிறகு கண்ணாடி மேலே ஏறியது.

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தாள்.

கதவு திறந்தது.

கோகிலவாணி இறங்கி, மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு, ரிப்பன் பக்கம் போகாமல் நேராகப் பேனருக்குக் கீழே போய் நின்றாள். முகத்துக்குப் பக்கத்தில் முகம். மேலே இருபது அடியில் ஒருத்தி, கீழே ஐந்தடியில் ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே ஆள்தான். கூட்டத்தில் ஒரு கிழவர், "அட, நம்ம சின்னசேலத்துப் புள்ளதான்பா!" என்றார், இதுவரை சந்தேகப்பட்டவர் மாதிரி.

"எஃப் த்ரீ அக்கா எங்க?" என்று கோகிலவாணி மைக்கில் கேட்டாள்.

ஆகாஷ் பிடித்துத் தள்ளினான். அம்சவள்ளி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். கோகிலவாணி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"எத்தினி பாயிண்ட்?" என்று காதருகில் கேட்டாள்.

"பதினொண்ணு மேடம்."

"ஞாபகம் வெச்சிக்கோங்க. அடுத்தவாட்டியும் அதான்."

பொன்னுரங்கம் போனை நீட்டி இரண்டு பேரையும் படமெடுத்தார். எடுத்ததும் தானே பார்த்து மகிழ்ந்து, "பாருங்கம்மா, எவ்ளோ பளிச்சுனு!" என்று திரையைக் காட்டினார். அம்சவள்ளி எட்டிப் பார்த்தாள். போன் தன் பாட்டுக்கு இரண்டு பேர் முகத்தையும் மாவில் முக்கி எடுத்திருந்தது.

"மொதலாளி, இப்படிக் குடுங்க" என்று போனை வாங்கினாள். செட்டிங்ஸில் போய், முகத்தை மெருகேற்றுகிற பொத்தானைத் தேடி, அதே நடுவிரலால் தட்டி அணைத்தாள்.

"இப்ப எடுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேனருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.